இடப்பக்கம் என்று சொன்னவள்

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனிமூட்டம். எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. பத்து மணிக்குத்தான் வெயில். பொங்கல் கரும்பு ஒன்று இன்னும் மூலையில், காய்ந்துபோய்.

பன்னிரண்டரைக்கு லேப்டாப் முன்னால். அங்கே காலை எட்டு. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை, இது மூன்றாவது குளிர்காலம். பனிமலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்த லிஃப்ட் எங்கே இறக்கிவிடும், எந்தச் சரிவு நீலம் (புதிதாகப் பழகுகிறவர்களுக்கு), எது சிவப்பு (கடினம்), எது கறுப்பு (மிகக் கடினம்), எல்லாம் மனப்பாடம். சந்தேகம் வந்தால் சுவரில் வரைபடம், காலண்டருக்குப் பக்கத்தில்.

இன்றைய கேள்விகள்:
– பூட்ஸ் காலைக் கடிக்கிறது.
– 2,300 மீட்டர் உயரத்தில் தலைவலி. (தண்ணீர் நிறைய. முதல் நாள் மெதுவாக.)
– நாயைக் கேபிள் காரில் ஏற்றலாமா.

ஏழு மணிக்கு ஒரு பெண். நான் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசியதும் நிறுத்தினார்.

"நீங்க தமிழா?"

தமிழில் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆமாம் என்றேன். காஞ்சிபுரம் என்றதும் அந்தப் பக்கம் ஒரு கத்தல்.

"அய்யோ, எங்கம்மா வூடு பக்கத்துல தாமல்மா! ஏரி ரொம்பிக்கிச்சா இந்த வருசம்?"

"ரொம்பி வழிஞ்சிக்கினு இருக்குதுக்கா."

பெயர் வசந்தி. இங்கிலாந்தில் நர்ஸ். பதினைந்து வயது மகன் நிகிலுடன் முதல்முறையாக மலைக்கு வந்திருக்கிறார். பையனுக்கு மூன்று நாள் ஸ்னோபோர்டு வகுப்பு முடிந்தது. நாளை மாஸ்டர் இல்லை, தானே இறங்கிப் பார்க்கிறேன் என்கிறானாம்.

"மேல் லிஃப்ட்ல போனா நீலக் கோடு எந்தப் பக்கம்மா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அவனும் கேட்டுக்கினு இருக்கான்."

சுவரைப் பார்த்தேன். "எறங்குனதும் இடப்பக்கம். லெஃப்ட். கீழ வரைக்கும் நீலந்தான். பயமே இல்லக்கா."

எங்கிருந்தாலும் கண்ணில் படட்டும் என்று அவனுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் வாங்கியிருக்கிறாராம். ஏரி, கோயில், இட்லி என்று இருபது நிமிடம். வைக்கும்போது மனசு லேசாக இருந்தது.

நாளைக்கு: காஸ் புக் பண்ண. பிரிண்டருக்கு இங்க்.

ஜனவரி 20, செவ்வாய்

நடந்ததை நேரத்தோடு எழுதி வைக்கிறேன்.

பி.ப. 2.40. வேறொரு வாடிக்கையாளர், சாட்டில். "மேல் லிஃப்டின் இடப்பக்கம் இந்த வருடம் சிவப்பாமே, உண்மையா?" இல்லை என்று அடிக்கப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று மெயிலில் தேடினேன். நவம்பரிலேயே புது வரைபடம் அனுப்பியிருக்கிறார்கள். பிரிண்டரில் இங்க் இல்லை என்று நான் எடுக்காமல் விட்டது. சுவரில் இருப்பது போன வருடத்தது.

இடப்பக்கம் சிவப்பு. நீலம் வலப்பக்கம்.

2.45 – வசந்தி போன். ஸ்விட்ச் ஆஃப்.
2.50 – ஹோட்டல். இருவரும் அங்கத்து நேரம் ஒன்பதுக்கே மலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.
2.55 – வ. போன். ஆஃப்.
3.05 – சரிவுகளைக் காவல் காக்கும் மீட்புக் குழு அலுவலகம். போனை எடுத்த அம்மாளுடைய இங்கிலீஷும் என் இங்கிலீஷும் முட்டிக்கொண்டன. ஆரஞ்சு ஜாக்கெட், ஸ்னோபோர்டு, பதினைந்து வயது, சிவப்புச் சரிவில் தெரியாமல் இறங்கியிருக்கலாம் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பழைய வரைபடத்தைப் பார்த்திருக்கலாம் என்றேன். யார் பார்த்தது என்று சொல்லவில்லை.

பிறகு காத்திருப்பு. நடுவில் மற்ற அழைப்புகள். சிரித்த குரலில் பேச வேண்டும். பேசினேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரர் சரவணன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா ஆச்சு ஹேமா? மொகம் வெளுத்துப் போயிருக்குது."

அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

4.20 – மீட்புக் குழுவிலிருந்து. கிடைத்துவிட்டான். சரிவின் ஓரத்தைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. நாற்பது நிமிடம் பனியில் கிடந்திருக்கிறான். அம்மா மேலே நின்று கத்திக்கொண்டிருந்தாராம், இறங்கத் தெரியாமல். இப்போது அடிவாரத்து ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஒன்றுமில்லை.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வந்து வரைபடத்தைக் கிழித்தேன்.

ஜனவரி 21, புதன்

தலைவலி. இட்லி இறங்கவில்லை.

காலையிலேயே நீலிமா மேடத்திடமிருந்து மெயில். புனேயில் இருக்கும் எங்கள் மேற்பார்வையாளர். முழு டீமுக்கும் அனுப்பியிருக்கிறார்: ஹேமாவின் சமயோசிதம் ஒரு பையனைக் காப்பாற்றியது. கீழே பதினோரு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். நான் பதில் போடவில்லை.

மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். மறுபடி பாராட்டு. பிறகு விஷயம். பையன் தன் திறமைக்கு மீறின சரிவில் தானாகப் போனான், மீட்புச் செலவைத் தர முடியாது என்கிறதாம் இன்சூரன்ஸ். வசந்தி முதலில் ஹெல்ப்லைனில் வழி கேட்டோம் என்றாராம். பிறகு நாங்களே தப்பாகக் கேட்டிருக்கலாம் என்றாராம். திங்கட்கிழமை அழைப்பின் பதிவு இருக்கிறது, ஆனால் தமிழில். எங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. நீயே இங்கிலீஷில் எழுதி நாளைக்குள் அனுப்பு, தமிழில் பேசியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சரவணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரைட்டுனு எழுதி அனுப்பிச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமே."

"அவுங்களேதான் தப்பா கேட்டுக்கினோம்னு சொல்றாங்களே."

சரவணன் கெட்ட மனுஷர் இல்லை. எனக்காகப் பயப்படுகிறார்.

பதிவை ஐந்து முறை கேட்டேன். "இடப்பக்கம். லெஃப்ட்." இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம், நான் பயமே இல்லை என்று சொல்லும்போது, தூரத்தில் பையனின் குரல். "லெஃப்ட். ஓகே." அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை.

ரைட் என்று அடித்துப் பார்த்தேன். திரையில் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அழித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

12.40க்கு அனுப்பிவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை. ஏரி, இட்லி உட்பட. கடைசியில் ஒரு வரி: நான் பார்த்தது போன வருட வரைபடம், தவறு என்னுடையது.

ஒரு மணிக்கு நீலிமா மேடம். செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை என்றார். பயம் என்றேன். இன்றிலிருந்து லாகின் செய்யாதே, வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளாதே என்று வைத்துவிட்டார்.

அனுப்பிவிட்டேன் என்று சரவணனிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கடைக்குப் போய் எனக்குப் பிடிக்கும் என்று மசால் வடை வாங்கி வந்தார்.

காஸ் வந்தது.

ஜனவரி 23, வெள்ளி

காலை மெயில், நாலே வரி. வேலை முடிந்தது. வசந்தியின் செலவுகளைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். லேப்டாப்பை எடுக்க ஆள் வருவார்.

கூட்டிப் பெருக்கினேன். துணி ஊறவைத்தேன். பதினொன்றரைக்கு மேல் தாங்கவில்லை. செவ்வாயன்று அத்தனை தடவை அடித்த நம்பர், மனப்பாடம். என் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

"ஹேமாவா? நீ நல்லா இருக்கணும்மா. நீ மட்டும் அவங்களுக்குப் போன் பண்ணலன்னா எம்புள்ள இன்னும் எவ்ளோ நேரம் அந்தக் குளிர்ல..."

"அக்கா, இருங்க. நான்தான் லெஃப்ட்டுனு சொன்னேன். பழைய மேப்ப பாத்துட்டு தப்பா சொல்லிட்டேன். உங்க பையன் சரியாத்தான் கேட்டான்."

"மூணு நாளா அவன திட்டிக்கினு இருக்கேன்" என்றார். "அந்தப் பொண்ணு ரைட்டுனுதான் சொல்லியிருக்கும், நீதான் ஒழுங்கா கேக்கலன்னு. ஆப்பரேசனுக்குக் கூட்டிப் போறப்பகூட சொன்னேன்மா."

பிறகு குரல் உயர்ந்தது. "ஒரு தடவ சரி பாத்துட்டு சொல்லக் கூடாதா? எனக்கு இருக்கறது ஒரு புள்ள."

"ஆமாக்கா."

"இன்னா ஆமாக்கா?"

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ ஆஸ்பத்திரி மெஷின் பீப் பீப் என்றது.

"நீயே சொல்லு அவன்கிட்ட."

போன் கை மாறியது. சொன்னேன், தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு, மன்னிச்சுக்கோ. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ஓகே ஆண்ட்டி" என்றான். அப்புறம் போனை விட்டு முகத்தைத் திருப்பி, உடைந்த தமிழில், "மா. நான் சொன்னேன்ல."

"சொன்னடா," என்றார் வசந்தி. "சொன்ன, சொன்ன."

யாரும் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.