மூடி போட்ட வாளி

சிஸ்டர்,

மூன்று முறை சோப்புப் போட்டும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை. இந்தக் கையால்தான் எழுதுகிறேன். உங்கள் புல்தரைக்கு இன்று மாலை கடுகுப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். ஐந்து நாள் ஊறியது. வாளி மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடுகும் முட்டைக்கோசும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குடும்பம் மொத்தமும் செத்துப் புழுத்து அந்த வாளிக்குள் கிடந்தது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஆர்.கே.புரம் அடுக்குமாடியில் எல்லோருக்கும் நீங்கள் சிஸ்டர்தான். கீழ்த்தளம் உங்களுடையது, அதற்கு நேர் மேலே நான். உங்கள் வாசலில் நான்கு கட்டில் போடும் அளவுக்கு ஒரு அருகம்புல் தரை. வாளிக்குள் கழியை விட்டுக் கலக்கும்போது நீங்கள் மூக்கைக்கூடச் சுளித்ததில்லை. "சர்ஜரி வார்டுல இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வாடையா சார்?" என்பீர்கள். மருந்து கொடுப்பதுபோலவே உரமும் கொடுத்தீர்கள். ஒரு மக் கரைசலுக்குப் பத்து மக் தண்ணீர், வெயில் இறங்கியபின், ஊற்றியதும் இலையைக் கழுவ இன்னொரு தண்ணீர். "கொஞ்சமாக் குடுக்கணும், விட்டு விட்டுக் குடுக்கணும். ஒரே நாள்ல தேறணும்னு நெனைச்சா நோயாளி போயிருவான்."

அந்தப் புல் அழகுக்காக வளர்க்கப்பட்டதில்லை. வாதம் வந்து உங்கள் வீட்டுக்காரரின் இடதுகால் இழுத்துக்கொண்ட பிறகு, தினமும் மாலை அவர் தடியூன்றி அதன்மேல் நாற்பது சுற்று நடப்பார். "சிமெண்டுல விழுந்தா இடுப்பு போகும். புல்லுல விழுந்தா வேட்டிதான் அழுக்காகும்" என்பது உங்கள் கணக்கு. அந்தப் புல் மெத்தென்று இருக்கும்வரைதான் அவருக்கு நடை.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

ஒரு பங்குனியில் சோற்றைப் பிசைந்தால் உங்கள் வாளி வாடை அடித்தது. காப்பியில் அடித்தது. கொடியில் காய்ந்த பூஜை வேட்டியில் அடித்தது. படி இறங்கி வந்து, "சிஸ்டர், தாங்க முடியலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், குடியிருப்போர் சங்கத்துக்குப் பெயர் போடாமல் இந்தியில் ஒரு கடிதம் எழுதினேன். அடியில் 'மேல்மாடிவாசிகள் அனைவரும்' என்று போட்டேன். ஒரே ஆள், கூட்டம்போல் வேடம் கட்டினேன். புண்ணாக்கு நாற்றம் இரண்டு நாளில் அடங்கிவிடும். அந்தக் கடிதத்தின் நாற்றம் அடங்கவே இல்லை.

சங்கத்தார் என் வாசகத்தையே வரி மாறாமல் தட்டெழுதி உங்கள் கேட்டில் ஒட்டினார்கள். நீங்கள் அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்தீர்கள். டெல்லியில் இத்தனை வருடம் இந்தி பேசியும் எழுத்துக் கூட்டி வாசிக்க உங்களுக்கு வராது. மின்சார பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

"இது என்ன சார் ஒட்டிட்டுப் போயிருக்கான்? வாசிச்சுச் சொல்லுங்க."

'அருவருப்பான நாற்றம். அசுத்தம். ஒரு வாரத்தில் அகற்றாவிட்டால் சங்கமே அகற்றும்.' எல்லாம் என் சொற்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

"வாளிக்கு ஒரு மூடி போடணுமாம்" என்றேன்.

"இவ்வளவுதானா? இதுக்கா முழு பேப்பர்? சவம், வாயாலச் சொன்னாப் போதாதா?" என்று உங்கள் ஊர்ச் செல்ல வசவோடு சிரித்தீர்கள். அன்றைக்கே மூடி வாங்கி, மேலே ஒரு செங்கல்லும் வைத்தீர்கள்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் மூன்று பேர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்கள். வாளியைத் தூக்கிப்போய்ச் சாலையோரத்தில் கவிழ்த்தார்கள். மூடிக்குள் புழுங்கிக் கிடந்த கரைசல் அங்கே நின்ற காரின் சக்கரத்தடியில் பச்சையும் கறுப்புமாக ஓடியது. அசுத்தம் அசுத்தம் என்றவர்கள் அதைக் கழுவிவிடக்கூட இல்லை. "டக்கன் லகாயா, பையா, டக்கன்" என்று நீங்கள் மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினீர்கள். பிறகு மாடியைப் பார்த்து, "சார், பேப்பர்ல மூடின்னுதானே போட்டிருந்துது? நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

"கண்ணாடி போடாம வாசிச்சிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

அதை நீங்கள் நம்பினீர்கள். நம்பியதாகத்தான் அன்று நினைத்தேன். மறு வாரம் உங்கள் பழைய ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று எனக்குக் கண் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கினீர்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "மாஸ்டர்ஜி, தூரத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் உங்களுக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமலே பத்திரிகை படிக்கலாம்" என்றார். நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். வெளியே வந்ததும் நடைபாதைக் கடையில், கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கயிறு ஒன்று வாங்கி என் கையில் வைத்தீர்கள். "இனிமே கண்ணாடி இல்லாம வாசிச்சேன்னு சொல்லாதீங்க சார்."

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். நானோ, கவிழ்த்த உரத்துக்கு ஈடாக யூரியா வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாமல், என்னைப்போல் பார்வைக்குச் சுத்தமாக. நீங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், உச்சி வெயிலில், கைகையாக அள்ளி வீசினேன். தண்ணீர் காட்டவில்லை. நாலே நாளில், கை விழுந்த இடமெல்லாம் சூடு போட்டதுபோல் பழுப்பாகக் கருகியது. கருகிய தூர் காலில் குத்துகிறது என்று அவர் நடையை விட்டார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், நீங்கள் கண்மூடும்வரை எழவில்லை. நீங்களும் மறுபடி வாளி வைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு, இந்த மாசியில் நான் வைத்தேன். அதே வாளி, அதே பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் குமட்டுகிறது, குமட்டட்டும். ஓரத்தில் புல் துளிர்த்திருக்கிறது. அவர் தடியோடு ஐந்தாறு சுற்று வருகிறார்.

இன்று மாலை ஊற்றி முடித்துத் திரும்பினால் கேட்டில் புதிதாக ஒரு தாள். அவரும் உங்களைப்போலத்தான், இந்தி வாசிக்க வராது.

"என்னவே போட்டிருக்கான்? வாசியும் வாத்தியாரே."

கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அருவருப்பு, அசுத்தம், பொறுப்பற்ற முதியவர், எல்லாம்.

"முதியவர்னு உம்மையாவே சொல்லுதான்?"

"என்னைத்தான்."

"அன்னைக்கு ஒட்டினதுலயும் இப்படித்தான் இருந்துதா?"

"இப்படித்தான் இருந்தது. மூடி என்ற பேச்சே அதில் இல்லை. எழுதினவனும் நான்தான்."

அவர் தடியை ஊன்றிப் புல்லில் இறங்கினார். ஒரு சுற்று நடந்தார். என் பக்கம் வந்ததும் நின்றார்.

"எங்கிட்ட ஏன்வே சொல்லுதீரு? அவகிட்டல்லா சொல்லியிருக்கணும்."

அதனால்தான் இதை எழுதினேன், சிஸ்டர். கை இன்னும் நாறுகிறது. எழுதி முடித்ததும் கண்ணாடி போட்டு, உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து உரக்க வாசித்தேன். எதையும் விடவில்லை.