கோழிகளுக்கு நடுவே ஒரு ஜெபம்

என் இல்லத்துப் பேரரசிக்கு, குளிர்கிடங்கின் சக்கரவர்த்தி எழுதுவது. நான் நலம், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நேற்று கிடங்குக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே நானும் ஒரு கோடி உறைந்த கோழிகளும். மீசை ஈட்டியாகிவிட்டது. பயத்தில் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்து, சாப்பாட்டு ஜெபம்தான் வாயில் வந்தது: "ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும்." சொல்லி முடித்ததும் அவர் என் பக்கத்தில் நிற்பதை உணர்ந்தேன். குளிரைவிட அதற்குத்தான் அதிகம் நடுங்கி மண்டியிட்டேன்.

கதவைத் திறந்த மேஸ்திரி, "யார்கூடய்யா பேசிட்டிருந்த?" என்றார்.

"கோழிங்ககூடதான்."

உனக்கு மட்டும்தான் உண்மையைச் சொல்கிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பிள்ளைகள் சாப்பாட்டு ஜெபத்தை இனி நிதானமாகச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, அதே கதவுக்குள் போக வேண்டும். அவர் உள்ளேதான் இருப்பார் என்று நம்பிப் போகிறேன்.

உன் கணவன்