எறிய ஒன்றும் இல்லாத அறை

மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

இடது காதைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் நலமும் உன் வீட்டுக்காரி நலமும் எழுது.

காது விஷயம் இதுதான். இன்று ஒரு தையல்காரரும் அவருடைய வாடிக்கையாளரும் வந்தார்கள். கோட்டின் கை நீளம் பற்றிய வழக்கு. இந்தச் சின்ன நீதிமன்றத்தில் எழுத்தரும் நான், சமரசம் பேசுகிறவளும் நான் என்பதால் வழக்குக் கட்டைப் பதிவு செய்து நானே உட்கார வைத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இது எனக்குத் தைச்சதா, உங்கப்பனுக்குத் தைச்சதா?" என்று கேட்டுவிட்டார் வாடிக்கையாளர். தையல்காரர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து அவர் மூக்கை உடைத்தார். விலக்கப் போன எனக்கு முழங்கை காதில் விழுந்தது. என் உடுப்பெல்லாம் ரத்தம், ஆனால் என்னுடையது இல்லை.

நல்லவேளை, என் அறையில் எறிய ஒன்றும் கிடையாது. நாற்காலிகள் தரையோடு முடுக்கியவை. தண்ணீர் காகிதக் கோப்பையில். மேசைமேல் பேப்பர் வெயிட், ஸ்டேப்ளர் எதுவும் இருக்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, கதவுப் பக்க நாற்காலி எனக்கு. ஒவ்வொன்றும் அடி வாங்கிக் கற்றது.

உன் வீட்டுக்காரி ஏன் என்னோடு போனில் பேசுவதில்லை? குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றாய். அதற்கு முன் மாடிப்படி. அவ்வளவு விழுகிறவளா அவள்? கேட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

உனக்கு ஒரு ஹெல்மெட் கேட்டு நீதிபதியிடம் மனுப் போடு. லிஃப்ட் மெக்கானிக் நான், நாள் முழுக்கக் குழிக்குள் இறங்கி ஏறுகிறேன், ஒரு கீறல் இல்லை. நீ உட்கார்ந்த இடத்தில் அடி வாங்குகிறாய்.

அவளைப் பற்றிக் கேட்டாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? வாய் நீளம் அவளுக்கு. வேலை முடிந்து வந்தால் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. தட்டை எறிந்தேன், சுவரைப் பார்த்துத்தான். நடுவில் வந்து நின்றால் நான் என்ன செய்ய? நான் அப்பா மாதிரி இல்லை, உனக்கே தெரியும். அவர் பெல்ட்டை உருவும்போதெல்லாம் நீதான் என் முன்னால் வந்து நிற்பாய். உன் புருவத்துத் தழும்பைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் இரண்டு பேரையும் ஒருநாள் உன் அறையில் உட்கார வைத்துப் பேசேன். அங்கே பேசியது வெளியே போகாது, எழுதிய குறிப்பைக்கூட எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டுவிடுவேன் என்பாயே. அவளும் அடங்குவாள்.

உன் வாலு

மார்ச் 24

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய்.

அவள் இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கை ஒரு துணியில் தொங்கியது. "விழுந்துட்டேன் அண்ணி" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், காகிதக் கோப்பையில். உன் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் இல்லை. சுவரில் கடிகாரம் இல்லை. இஸ்திரிப் பெட்டி பக்கத்து வீட்டில் இருக்கிறதாம். சாப்பாட்டு மேசைமேல் ஒரு கரண்டிகூட இல்லை. படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிய ஓட்டைகள் மட்டும் இருந்தன. உட்கார் என்றேன், கதவுப் பக்க நாற்காலிக்குப் போனாள்.

அது என் அறை, வாலு.

"இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல அண்ணி. அவர் எதை எடுக்குறாரோ, அதை மறுநாள் ஒளிச்சு வச்சிடுவேன். இப்ப கை மட்டும்தான் பாக்கி."

உங்களை என் அறையில் உட்கார வைக்க மாட்டேன். அங்கே வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பயப்படாமல் திட்டத் தெரிந்தவர்கள். எங்கே போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன்மேல் உள்ள பாசம் போய்த் தொலையவில்லை, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நான் இல்லாத நேரம் பார்த்து வந்து நன்றாகத் தூபம் போட்டுவிட்டாய். வழக்குப் போட்டுவிட்டாள். தாடை உடைந்ததாம். என்னைக் கேட்காமல் வாசலைத் தாண்டினால் வேறென்ன நடக்கும்?

கட்டு உன் மேசைக்குத்தான் வரும். சமரசப் பட்டியலில் ஒரு வரி எழுது. உன் அறையில் பேசி முடித்துக் கிழித்துப் போடு. ஊரார் சண்டையை எல்லாம் தீர்க்கிறாய், கூடப் பிறந்தவனுக்குக் கை வராதா?

எனக்காக அடி வாங்கியவள் நீ. இன்னொரு தடவை நடுவில் நில். இல்லையென்றால் நேரில் வருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

சிறையில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள். படிக்கட்டும்.

அன்று நீ என் அறைக்கு வருவதற்கு முன்பே வழக்குக் கட்டை நீதிபதியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இதைத் தொட எனக்கு உரிமையில்லை என்றேன். அதைத்தான் உன்னிடம் சொல்லத் தொடங்கினேன், நீ முடிக்க விடவில்லை. நாற்காலியை இழுத்தாய், வரவில்லை. மேசையைத் துழாவினாய், காகிதக் கோப்பைதான் நசுங்கியது. பிறகு உன் கையைப் பார்த்தாய். அம்மா பெல்ட்டை ஒளித்து வைத்த அன்று அப்பா அப்படித்தான் தன் கையைப் பார்த்தார். அதன் பிறகு உனக்குப் பதிலாக நான் வாங்கியதும் உனக்கு நினைவிருக்கும்.

முன்பல் இரண்டு போயின. தாழ்ப்பாள் இல்லாததால் காவலர் உடனே உள்ளே வந்தார், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தாய். எனக்கு வலித்தது அதுதான்.

அவள் என் வீட்டில் இருக்கிறாள். இருவரும் உறிஞ்சுகுழலில்தான் குடிக்கிறோம். நேற்று எங்களைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்து, தாடைக் கம்பி இழுத்து, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். இன்று காலை அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ கேட்டபடியே நடுவில்தான் நிற்கிறேன், இந்த முறை அவளுக்கு முன்னால். விசாரணை நாளன்று சாட்சிக் கூண்டில் ஏறி, கதவில் இருந்த ஓட்டைகளையும் அவள் கையையும் என் பல்லையும் சொல்வேன். அதற்கு முன்னால், குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். எத்தனையோ சாட்சிகளிடம் கேட்டு நானே எழுதியிருக்கிற கேள்விதான்.

தம்பி என்று சொல்வேன். அந்த ஒரு சொல்லை அழாமல் சொல்லிவிட்டால் மற்றதையும் சொல்லிவிடுவேன்.

அக்கா