மின்சாரம் இல்லாத மின்சுற்று

ஜூலை 8

எட்டாம் வகுப்பில் ஒருத்தி இன்று ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "புளிக்குது மிஸ்" என்றாள். சாயங்காலமே அவள் அம்மா வந்து நின்றார்: "புள்ளைக்கு ஷாக் அடிச்சிருக்கு!" தலைமையாசிரியை பேட்டரி, வயர், பல்பு எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"மின்சாரப் பாடம் நடத்துங்க டீச்சர், வேணாங்கல. மின்சாரம் மட்டும் வேணாம்."

இது தலைமையாசிரியையின் உத்தரவு.

ஜூலை 9

வேதியியல் டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிக்கட்டும். அடுத்த வாரம் பள்ளி ஆய்வாளர் வருகிறார். என் பாடம் அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆய்வகத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவிடுவார்களாம். என் ஆய்வகத்தில்!

ஜூலை 11

வேறு வழியில்லை, பிள்ளைகளையே சுற்றாக்கினேன். வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். பேட்டரியாக நிற்பவன் பக்கத்துப் பிள்ளையின் கையை அழுத்துவான். அழுத்தம் கைமாறிச் சுற்றிவரும். அது தன்னிடம் வந்தால் பல்பு சிரிக்க வேண்டும். பல்பு யார்? பேட்டரியை நக்கிய அதே மகராசி. கரண்ட் எக்கச்சக்கமானால் ஃப்யூஸ் கீழே விழ வேண்டும். வாயே திறக்காத ஒருவன் அதற்கு ஒத்துக்கொண்டான். "நிஜமாவே விழணுமா மிஸ்?"

நிஜமாகத்தான். எம்.எஸ்ஸி. படித்தது இதற்குத்தானா?

ஜூலை 15

ஆய்வாளர் வந்தார்.

சுற்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பல்பு பளிச்சென்று சிரித்தாள். ஆய்வாளர் மனம் குளிர்ந்துபோய், அவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகளின் தோள்மேல் ஆளுக்கொரு கை போட்டார். ஐயோ! பல்பை விட்டுவிட்டு கரண்ட் இப்போது அவர் வழியாகப் போகுமே — ஷார்ட் சர்க்யூட், கரண்ட் எக்கச்சக்கம். சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

பல்பு சட்டென்று முகத்தை உம்மென்று ஆக்கிக்கொண்டாள். "ஷார்ட்டு!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். ஃப்யூஸ் தடாலென்று விழுந்தான்.

"தண்ணி கொண்டாங்கம்மா!" — ஆய்வாளர்.

"யாராவது மெயினை அணைங்க!" — தலைமையாசிரியை.

ஆய்வாளர் குனிந்து அவனைத் தூக்கப் போனார். கண்ணைத் திறக்காமலே பையன் சொன்னான்: "ஸ்விட்ச ஆஃப் பண்ணாம ஃப்யூஸ தொடக்கூடாது சார்."

முழு மதிப்பெண் போடலாம். ஆனால் ஆய்வகம் போச்சு. போயே போச்சு.

ஜூலை 16

ஆய்வக வாசலில் நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். ஒன்றுக்காவது நாலு கால் இல்லை.

ஜூலை 22

ஆய்வாளரின் உத்தரவு வந்தது. "மின்சாரம் இன்றி மின்சாரம் கற்பிப்பது மாணவர் பாதுகாப்புக்கு உகந்ததன்று. இனி பேட்டரி, கம்பி ஆகியவற்றைக் கொண்டு, ஆய்வகத்தில் மட்டுமே நடத்துக."

இரண்டு முறை படித்தேன். தலைமையாசிரியை பீரோ சாவியை நீட்டினார். "நான் அப்பவே நினைச்சேன் டீச்சர்."

ஜூலை 23

வாசலில் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் வகுப்பு. வயரை மாட்டினேன், மேசைமேல் குட்டிப் பல்பு எரிந்தது. பல்பாக நின்றவள் கையைக் கட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தாள்.

"எரியுது மிஸ். ஆனா முகத்துல களையே இல்ல."

நானும் குனிந்து பார்த்தேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.