ஐந்து மூட்டை சீரகச் சம்பா

2, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசில், நான் வீட்டில். நனைந்துகொண்டே போனேன்.

எழுத வேண்டிய ஆய்வுப் பேப்பர் நகரவில்லை. தலைப்பு மட்டும் தயார்: ‘கப்பல் வராத வாரம்’. எங்கள் பிரிவின் பிழைப்பே இதுதான். நடக்காததை நடந்தது போல் எழுதுவது. அதை வைத்து, நாட்டுக்கு ஒரு நெருக்கடி வந்தால் என்ன செய்யலாம் என்று மேலே இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது. வெளியே மூச்சு விடக் கூடாது. தங்கை ஹமீதாவுக்கே நான் ‘ஏதோ பாதுகாப்பு வேலை’.

ஜன்னலில் கடல், காத்து நிற்கும் கப்பல்கள். எழுதுவதற்காக ஒவ்வொன்றாக மனதுக்குள் அழித்துப் பார்த்தேன். கடைசியில் இஸ்திரி போட்ட போர்வை மாதிரி வெறும் கடல். அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

இயக்குநருடன் அதே சண்டை. நெருக்கடி வரலாம் என்று முன்கூட்டியே சொன்னால் மக்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் என்கிறார். சொல்லாவிட்டால் மட்டும் சும்மா இருப்பார்களா என்கிறேன் நான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு.

மாலை தேக்கா சந்தை. சுல்தான் நானாவின் அரிசிக் கடை. உம்மா இறந்த நாளில் ஓதிச் சோறு போடும் வருட ஃபாத்திஹாவுக்கு அரிசி பார்க்கப் போனேன். அடுத்த மாதம்தான், இருந்தாலும் நல்ல சீரகச் சம்பா வந்திருக்கிறதாம்.

“எத்தனை மூட்டைம்மா?”

கடை வாசலில் மழை. என் கண்ணில் இன்னும் அந்தக் கப்பல் இல்லாத கடல். “அஞ்சு” என்றேன். இரண்டே தாராளம். பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன், ஏன் ஐந்து?

3, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

நானா கடை வேன் வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிற்று. லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டு மாலதி. மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மூட்டையைப் பார்த்தாள்.

“தனி ஆளுக்கு இவ்வளவாக்கா?”

“உம்மா ஃபாத்திஹாவுக்கு.”

“எப்ப?”

“அடுத்த மாசம்.”

“ஓ” என்றாள். அந்த ‘ஓ’ எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியது: மின்விசிறிக்கு ரெகுலேட்டர், பல்பொடி, இஞ்சி.

4, புதன்

மேகமூட்டம். ரயில் சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் கண் கூசியது. எல்லாரும் தூக்கத்தில் நடப்பது போல் நடக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

மாலை, எங்கள் சிராங்கூன் அடுக்குமாடி புளோக்கின் கீழே, தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்:

“அவங்க ஏதோ பாதுகாப்பு வேலைன்னு தெரியும்லா?”

“தெரியும் தெரியும். அவங்களே வாங்கி அடுக்குறாங்கன்னா சும்மாவா?”

நின்றேன். போய் மறுத்தால்? ‘அப்படித்தான் சொல்வாங்க’ என்பார்கள். சிரித்தால் மறைக்கிறேன் என்பார்கள். பேசாமல் படியேறினேன். அதுவும் ஒரு பதிலாகிவிட்டது, ஐயோ.

நானாவுக்கு போன். குரலில் பெருநாள் கொண்டாட்டம்.

“நேத்துலேருந்து என்ன கூட்டம்ங்கிறீங்க! தட்டு காலி. உங்களுக்கு வேணும்னா உள்ள எடுத்து வைக்கிறேன், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“வேணாம் நானா!”

“புரியுதும்மா, புரியுது.”

ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

5, வியாழன்

தன் பிடோக் வீட்டிலிருந்து ஹமீதா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“லாத்தா, உண்மையைச் சொல்லு. ஏதாச்சும் வரப்போவுதா?”

“ஒண்ணுமில்லடி. உம்மா ஃபாத்திஹா அரிசி.”

“அதுக்கு அஞ்சு மூட்டையா? இப்பவே?”

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? நான் எழுதும் பேப்பர்தான் என் கையால் அரிசி வாங்கியது என்றா?

“நீ சொல்ல மாட்டே. சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இத்தனை வருஷத்துல நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? ஆனா நீ உனக்கு மட்டும் வாங்கி வச்சுக்கிட்டேல்ல? எம் புள்ளைங்க ஞாபகம் வரலையா உனக்கு?”

டீ ஆறிப்போயிற்று. அவள் போய்விட்டாள்.

அழுதேன். அவள் கோபம்கூடப் பரவாயில்லை. ‘ஒண்ணுமில்ல’ என்ற என் வார்த்தை என் சொந்தத் தங்கையிடமே செல்லவில்லையே. நாளை நிஜமாகவே ஏதாவது வந்து, பயப்படாதே என்று நான் சொன்னால் அவள் கேட்பாளா? ஊரை எப்படி நம்ப வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு இந்த நிலைமை.

6, வெள்ளி

மழை. ஆபீசில் குளிர், சால்வை.

கூட்டம். இயக்குநர் ஒரு தாளை எடுத்தார். ஊர்ப்பேச்சைக் கவனிக்கும் பிரிவு அனுப்பிய குறிப்பு: லிட்டில் இந்தியா, தேக்கா பக்கம் அரிசி வாங்கும் பதற்றம், சிராங்கூன் வரை பரவல், எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. “பார்த்தீர்களா, யாரும் எதுவும் சொல்லாமலேயே இப்படி. சொன்னால்?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கையைத் தூக்கினேன், பள்ளிப்பிள்ளை மாதிரி. “அது என் வீட்டில் ஆரம்பித்தது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உம்மா, மூட்டை, மாலதியின் ‘ஓ’ உட்பட. யாரும் எதுவும் சொல்லாததால்தான் என் மூட்டையைப் பார்த்து ஊர் தானே முடிவு கட்டியது என்றேன்.

இயக்குநர் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்தார். “முன்கூட்டியே சொல்லலாம் என்றே பேப்பரை மேலே அனுப்புவோம். ஆனால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் மொத்தமாக எதுவும் வாங்கக் கூடாது. நீங்கள் கொஞ்ச நாளைக்கு அரிசிக் கடைப் பக்கமே போக வேண்டாம்.”

ஆக, தீவிலேயே அரிசி வாங்கக் கூடாதவள் நான் ஒருத்திதான்.

திரும்பும் வழியில் ரயிலில் கண்ணை மூடினேன். உம்மா ஒரு கப்பல் முகப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல் பொறுக்கிக் கடலில் போட்டார். விழித்தபோது யோசனை வந்திருந்தது. மூட்டையைக் காட்டித்தானே கெட்டது? சோறாக்கித் தின்றுவிட்டால்?

8, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. கீழ்த்தளத்தில் சமைக்க அனுமதி வாங்கியாயிற்று. நானா பெரிய சட்டிகளும் ஒரு சமையல்காரரும் அனுப்பினார். வியாபாரம் படுக்கப்போகிறதே என்று முகம் மட்டும் கொஞ்சம் தொங்கியது.

நெய்ச்சோறு, ஆட்டெலும்பு போட்ட தாளிச்சா. ஏலக்காய் வாசம் எந்த மாடி வரை போனதோ, தட்டோடு இறங்கி வந்தார்கள். மாலதிக்கு மரக்கறிக் குருமா தனியாக.

ஹமீதா வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளோடு வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான்காவது மூட்டை பிரிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்தாவதையும் பிரித்துக் கொட்டினேன். காலிப் பையை உதறிக் காட்டினேன்.

“லூசா லாத்தா நீ? வீட்டுக்கு ஒரு பிடிகூட வைக்கலையே.”

“வைக்கலை.”

கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கினாள். “தள்ளு. அடி பிடிக்குது.”

சாப்பாட்டுக்குப் பிறகு மாலதி: “ஸ்டாக் வைக்கிறவங்க இப்படியா ஊருக்கே போடுவாங்க? நாந்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்லா.” முகம் வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்துவிட்டது.

எல்லாரும் போனபின் தூணில் சாய்ந்து அப்படியே தூங்கியிருக்கிறேன். கனவில் கடல் நிறையக் கப்பல்.

11, புதன்

பனிமூட்டமா புகையா தெரியவில்லை. ஆபீஸ் ஜன்னலில் கடலே இல்லை. கப்பல்கள் இருக்கின்றனவா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை, வெறும் வானிலைதான். இருந்தும் மனம் எண்ணப் பார்க்கிறது.

வீட்டில் அரிசி டப்பா துடைத்து வைத்ததுபோல். மூன்று வேளையும் ரொட்டி.

ஹமீதா போன்.

“லாத்தா, தேக்காவுலதான் நிக்கிறேன். அரிசி எத்தனை வாங்க? நீ சொன்னா சரி.”

நீ சொன்னா சரி. இன்னொரு தடவை ஜன்னலைப் பார்த்தேன்.

“எப்பவும் போல ஒண்ணு.”

“ஒண்ணு போதும்ல?”

“போதும்.”

“சரி. உனக்கும் ஒண்ணு வாங்கிக் கொண்டாரவா?”

“அரிசியா வேணாம்டி. சோறா கொண்டா.”