செல்வராணி கேட்ட கேள்வி

இன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஃபீனால் நெடி மூக்கில் ஏறியது. இந்தக் கோடைக்கு வந்திருக்கும் மாணவிகளில் ஒருத்தி ரோஜா நிறத் திரவக் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தக்கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்கிறாளாம். அந்தப் பாடத்தை நான் இன்னும் எடுக்கவே இல்லை. யார் சொன்னது என்றேன். செல்வராணி மேடம் என்றாள்.

கைப்பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. செல்வராணியை ஒரு பிள்ளை ‘மேடம்’ என்று சொல்வதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு பலதும் சேர்ந்துகொண்டது.

நீ திருமங்கலம் சாலையில் ஆட்டு நோய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். நான் மதுரையில் மருத்துவக் கல்லூரியில் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைக் குழாயில் பார்ப்பவள். கன்று வீச்சு நோய்தான் நம் இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. உன் பக்கம் அது வந்தால் ஆடு நாள் முதிராமல் குட்டி வீசும். என் பக்கம் வந்தால் அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி. ஒரே கிருமியை வைத்துக்கொண்டு உன் துறைக்காரர்களும் என் துறைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காலம் தள்ளுகிறோம் என்று முதல் சந்திப்பிலேயே நீ என்னிடம் சண்டை பிடித்தாய்.

கோடை விடுமுறையில் மாணவர்களை அழைத்து ஆய்வு செய்யவைக்கலாம் என்பது உன் யோசனைதான். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளை ஒன்று, என் பக்கத்துப் பிள்ளை ஒன்று, இரண்டு மாதம். அப்போதெல்லாம் கோடைப் பயிற்சி என்றால் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான். கடைசி நாளில் ஒரு சான்றிதழும் சமோசாவும் கிடைக்கும். உனக்கு அது பிடிக்கவில்லை. மதிப்பெண் பட்டியல் வேண்டாம், விடை தெரியாத ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பட்டும் என்று அறிவிப்புப் போடச் சொன்னாய். முதல் வருடம் ஐந்து பேர் எழுதினார்கள். நான்கு பேருடையது பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்த கேள்வி. ஐந்தாவது சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவரின் மகள் எழுதியது. வெளியூர்க் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ரத்தத்தை இரண்டு பேர் சோதித்தால் ஒரே விடைதான் வருமா, அதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தாள். இது ஒரு கேள்வியா என்று நான் சிரித்தேன். “சிரிக்காத. இந்தப் பிள்ளையைத்தான் எடுக்கணும்” என்றாய்.

செல்வராணி வந்தாள். வந்த முதல் வாரம் வாயே திறக்கவில்லை. கை பழகட்டும் என்று பழைய ரத்த மாதிரிகள் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தோம். முந்தைய வருடம் எழுமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாம் முகாம் போட்டு எடுத்தவை அவை. பள்ளிக்கூட அறையில், மின்விசிறிக்கு அடியில், வெள்ளைத் தட்டில் ரத்த நீரையும் ரோஜாத் திரவத்தையும் துளித்துளியாக விட்டுக் கலந்து, கட்டிகட்டியாகத் திரிந்தால் நோய் உண்டு, திரியாவிட்டால் இல்லை என்று ஒரே நாளில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம். அந்த முடிவுகளை ஒரு கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டலும் வாங்கியிருந்தோம். என் பதவி உயர்வுக் கோப்பில் அந்தக் கட்டுரை முதல் தாளாக இருந்தது.

அந்த முகாமில்தான் பேச்சியம்மாள் என்பவரின் மந்தையில் ஏழு ஆடுகளுக்கு நோய் என்று சொன்னோம். மந்தையிலிருந்து கழித்துவிடுங்கள் என்றோம். ஐந்தை விற்றுவிட்டார். இரண்டை விற்க மனசு வராமல் தனியே கட்டிப்போட்டிருந்தார்.

பதினோராம் நாள் மத்தியானம் செல்வராணி நம் அறை வாசலில் வந்து நின்றாள். நோய் உண்டு என்று நாம் குறித்திருந்த மாதிரிகளில் பெரும்பாலானவை அவள் கையில் திரியவே இல்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மூன்று முறை செய்து பார்த்திருக்கிறாள். நான்கு நாட்களாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். நீ நோட்டை வாங்கிப் புரட்டினாய். எவ்வளவு நேரத்தில் பார்த்தாய் என்று கேட்டாய்.

“நாலு நிமிஷம் மேடம். ஒவ்வொண்ணா விட்டு, செல்லுல நேரம் வச்சுத்தான் பாத்தேன்” என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க ரெண்டு பேரும் எம்புட்டு நேரத்துல பாத்தீங்க மேடம்?” என்று கேட்டாள்.

அந்தச் சோதனையை நான்கு நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும், வெளியில் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் நிற்க, ஒரே தட்டில் பன்னிரண்டு துளிகளை வரிசையாக விட்டோம். கடைசித் துளிக்கு வருவதற்குள் எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ ஆகியிருக்கும். மேலே மின்விசிறி. ஓரம் காய்ந்த துளி திரிந்ததுபோலத்தான் தெரியும். நாம் அதை நோய் என்று எழுதினோம்.

நீ அவளை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தாய். அவள் முன்னாலேயே வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குப் பேசி, அதே மாதிரிகளை எலைசா என்ற இன்னும் நுட்பமான சோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாய். அனுப்பிய ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. செல்வராணியின் நோட்டில் இருந்தது போலவே வந்தது. பேச்சியம்மாளின் ஏழு ஆடுகளுக்கும் அப்போது நோயே இல்லை.

அன்று நான் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன்னிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன். அடுத்த வருடம் புதிதாக ஒரு முகாம் போடுவோம், சரியாகச் செய்வோம், பழையது தானாக மறைந்துவிடும் என்றேன். என் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருப்பதையும் சொன்னேன். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ வண்டிச் சாவியை எடுத்து, முந்தின நாள் தனியாக எழுமலைப் பக்கம் போய் வந்ததாகச் சொன்னாய். பேச்சியம்மாள் வீட்டை அந்த ஊரில் ‘சீக்கு ஆட்டு வீடு’ என்கிறார்களாம். அவர் ஆடுகளோடு யாரும் தங்கள் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுவதில்லையாம். அவர் பாலை ஒரு வருடமாக யாரும் தொடவில்லையாம்.

“நம்ம பேரு கெட்டா அது நமக்குள்ள. அந்தக்கா பேரு நம்மளாலதான கெட்டுருக்கு” என்றாய். “நான் நாளைக்குப் போறேன். நீ வாரியா, வரலையா? அதை மட்டும் சொல்லு.”

வந்தேன். விருப்பத்தோடு வந்தேன் என்று சொன்னால் பொய். ஊர்ப் பொதுவில் வேப்பமரத்தடியில் பேச்சியம்மாளையும் கூட்டி, பால் சங்கக்காரர்களையும் ஆடு வைத்திருப்பவர்களையும் வரவழைத்திருந்தாய். முப்பது பேர் இருக்கும். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். நீ கூட்டத்துக்கு நடுவே போய், போன வருடம் நாங்கள் சொன்னது தப்பு, ஆட்டில் கோளாறு இல்லை, பார்த்த எங்கள் கையில்தான் கோளாறு என்று நிதானமாகச் சொன்னாய். கண்டுபிடித்தது இந்தப் பிள்ளை என்று, நம்மோடு வந்திருந்த செல்வராணியைக் கைகாட்டினாய்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “தப்புன்னு சொல்ல வந்தீகளே டாக்டரம்மா, வித்த அஞ்சையும் திருப்பி ஓட்டிட்டு வந்தீகளா?”

நீ எதையும் மறைக்க முயலவில்லை. “இல்லக்கா. அதைத் திருப்ப எங்களால ஆகாது” என்றாய்.

பிறகு பேச்சியம்மாளே, மிச்சம் இருக்கிற இரண்டையும் இப்போதே, எல்லோரும் பார்க்க, திரும்பச் சோதிக்கச் சொன்னார். செல்வராணி இரண்டு ஆட்டின் கழுத்திலும் ரத்தம் எடுத்தாள். அது உறைந்து தெளிநீர் பிரியும்வரை ஊரே கலையாமல் மரத்தடியில் காத்திருந்தது. அவள் தட்டை ஒரு ஸ்டூலில் வைத்து, காற்றுப் படாமல் சுற்றி நிற்கச் சொல்லி, கைபேசியைப் பால் சங்கத்துப் பெரியவர் கையில் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னாள். முதல் ஆட்டின் துளி நான்கு நிமிடம் ஆகியும் தெளிவாகவே இருந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இரண்டாவது ஆட்டின் துளி இரண்டு நிமிடத்திலேயே திரிந்துவிட்டது.

போன வருடத்து ரத்தத்தில் இல்லாத நோய் இந்த ஒரு வருடத்துக்குள் எங்கிருந்தோ தொற்றியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் மறுபடியும் நோய் என்று எப்படிச் சொல்வது? செல்வராணி உன் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல நீ தலையை மட்டும் அசைத்தாய். அந்தப் பெண், வயது இருபது, பேச்சியம்மாளைப் பார்த்து, “இதுக்கு இருக்கு அத்தே. அதுக்கு இல்ல” என்றாள்.

பேச்சியம்மாள் தட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கே வித்தியாசம் தெரிந்தது. நிமிர்ந்து ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: “என்னைச் சமாதானம் பண்ணத்தான் வந்தாகன்னா, ரெண்டுக்குமே இல்லைன்னுட்டுப் போயிருப்பாக. இருக்கிறதை இருக்குன்னு சொன்னாக. அப்ப இல்லைன்னதும் நெசந்தான்.”

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஒரு ஆட்டைக் கழிக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க நீயும் செல்வராணியும் அங்கேயே இருந்து ஊரின் எல்லா ஆடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தீர்கள். நோய் உண்மையில் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் சந்தேகப்படாத ஒரு பெரிய மந்தையில் இருந்தது. அந்த மந்தைக்காரருக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டு வந்த காய்ச்சலை நான் குணப்படுத்தினேன். முன்பே ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவர் அவ்வளவு காலம் படுத்திருக்க மாட்டார். பேச்சியம்மாளின் ஆடுகள் மழைக்குப் பிறகு மற்ற ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போனதாக நீதான் போனில் சொன்னாய். அப்போது உன் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். திருத்திய கட்டுரையில் முதல் பெயர் செல்வராணியுடையது. என் கோப்பு இரண்டு வருடம் தள்ளிப்போனது. போகட்டும், பிறகு வந்துவிட்டது. இனி எந்த மாணவரும் நம்மிடம் வரமாட்டார்கள் என்று நான் பயந்தேன். அடுத்த கோடைக்கு நாற்பது பேர் எழுதினார்கள். மாணவி கண்டுபிடித்த தப்பை மேடம்களே ஊரில் போய்ச் சொன்ன இடம் இதுதானா என்று ஒரு பையன் நேர்காணலில் என்னிடமே கேட்டான்.

நீ நோயில் விழுந்தபோது அந்தத் திட்டத்துக்கு ஆறு வயது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வருடத்து விண்ணப்பங்களை வாசித்தாய். ஓரத்தில் பென்சிலால் குறித்தாய். கடைசியாக என்னிடம் பேசியதும் அதைப் பற்றித்தான். அழுதுகொண்டிருந்த என்னை ஓரமாக உட்காரவைத்து, உசிலம்பட்டிப் பையனுடைய கேள்வி நன்றாக இருக்கிறது, விட்டுவிடாதே என்றாய். விடவில்லை. அவன் இப்போது முதுகலை படிக்கிறான்.

நீ போன பிறகு, இரண்டு துறையும் சேர்ந்து செய்கிற வேலையை ஒருத்தியாக எப்படி நடத்துவீர்கள், நிறுத்திவிடலாமே என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒருத்தி இல்லை என்று சொல்லி செல்வராணியின் பெயரைக் கொடுத்தேன். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, நீ உட்கார்ந்த இடத்துக்கே வேலைக்கு வந்திருக்கிறாள். இந்த வருட வழிகாட்டிகள் பட்டியலில் அவள் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கிறது. அகர வரிசைப்படிதான் போட்டிருக்கிறார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லையடி.

உனக்குத் தெரியுமே, நான் மாட்டுக் கொட்டத்துக்குள் கால் வைக்காதவள். எல்லாவற்றையும் குழாயில் அனுப்பச் சொல்வேன். போன வாரம் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று மாடுகளுக்கு நோய் என்று முடிவு வந்தது. மாணவிகள் போனில் சொல்லிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். சாணத்தை மிதித்து, கொட்டத்துக்குள்ளேயே நின்று சொன்னேன். எவ்வளவு உறுதி, எதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது, மறுசோதனை எந்த நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டுக்காரப் பெண் கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரு மாணவி ஜாடை காட்டினாள். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.