கையை உயர்த்தும் முன்

அன்பு மாதேசண்ணா,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. நீங்கள் ஓட்டிய நாலாம் நம்பர் மோல்டிங் மெஷினுக்குப் பெயிண்ட் அடித்து மறுபடி ஓட விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ். நம் பாதுகாப்பு பற்றிக் கம்பெனி 'ரீஅஃபர்ம்' செய்கிறதாம்.

மத்திகிரியில் நான் தங்கும் ரூமுக்கு வந்து செல்போனில் அர்த்தம் பார்த்தேன். முன்பே கொடுத்த வாக்கை மீண்டும் உறுதியாகச் சொல்வதாம். நாடுகள் ஒப்பந்தத்தையும் தம்பதிகள் கல்யாண உறுதியையும் ரீஅஃபர்ம் செய்யலாம் என்று உதாரணம் வேறு. முதலில் சொன்னபடி நடந்தார்களா என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. எரிச்சலாக வந்தது.

ஆனால் நாம் மட்டும் என்ன செய்தோம்? தினமும் ஷிப்ட் தொடங்கும்போது நீங்கள் பாதுகாப்பு உறுதிமொழி படிப்பீர்கள், நாங்கள் கையை உயர்த்தித் திருப்பிச் சொல்வோம். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் ஸ்விட்சை, டார்கெட்டுக்காக அதே கையால் வேலை செய்யாதபடி ஒயர் போட்டுக் கட்டிவிடுவோம். அன்றும் அந்த ஒயர் கட்டியிருந்ததைப் பார்த்தேன் அண்ணா. வாயைத் திறக்கவில்லை. சிக்கிய பீஸை எடுக்க நீங்கள் கதவைத் திறந்து உள்ளே குனிந்தீர்கள். மெஷின் நிற்கவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்று காலை என்னைப் படிக்கச் சொன்னார்கள். கையை உயர்த்தினேன். நாலாம் மெஷின் கதவோரம் புது ஒயர் தெரிந்தது.

"என்னம்மா நின்னுட்ட? சீக்கிரம் படி, லைன் லேட்டாவுது" என்றார் சூப்பர்வைசர்.

"அந்த ஒயர அறுத்துடுங்க சார். அப்புறம் படிக்கிறேன்."

எல்லோரும் தூக்கிய கையோடு நின்றார்கள். உங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்காரர் கிருஷ்ணப்பாதான் முதலில் கையை இறக்கினார். "அந்தம்மா சொல்றது சரிதானுங்க சார்." பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது. சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போய் ஒயரை அறுத்தார். நான் படித்து முடித்தேன்.

நாளை ஹெச்.ஆர். கூப்பிட்டிருக்கிறார். நான் காண்ட்ராக்ட் ஆள்தானே, வேலை இருக்குமோ என்னவோ. உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கம்பெனியோ வேறு கம்பெனியோ, கதவைத் திறந்து மெஷின் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இனி என் கை உயரும்.

அன்று வாய் திறக்காத உங்கள் தங்கை,
செல்வி